ஒட்டின இடம் தெரியாத கொக்கி

மச்சான், மச்சானின் சிநேகிதரான பல் டாக்டர், தன் மனைவி, மகள், அப்புறம் அவன், ஆக ஐந்து பேர், கரையில் ஒரு நாய் படுத்திருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டியதில்லை... எதற்கு இப்படித் தலையெண்ணுகிறோம் என்று அவனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அவன் வேலை பார்த்த சங்கிலித் தொழிற்சாலையில் ஏதாவது ஆகிவிட்டால் மேற்பார்வையாளர் முதலில் கேட்பது அதைத்தான், யார் யார் இருந்தீங்க, என்ன ஆச்சு என்பதெல்லாம் அப்புறம். ஆனால் அங்கே ஆன பிறகுதான் கேட்பார்கள். இங்கே இன்னும் ஒன்றும் ஆகவில்லை. செங்கல்லுக்காகக் களிமண் வெட்டியெடுத்துவிட்டுப் போன பள்ளம், முந்தின நாள் மழை, பட்டப்பகல், மச்சானின் பழைய வெள்ளை ஜீப் அச்சு முட்டச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் மேட்டில் அவருடைய புதுப் பச்சை ஜீப் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, நடுவில் பல் டாக்டர் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் சறுக்கிச் சறுக்கி வருகிறார்... அவ்வளவுதான், ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் சேற்றில் விட்டுவிட்டாள், மாமன் இழுத்து வெளியே போடப்போகிறார், இதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் தலையை ஏன் எண்ணுகிறான்? மகள் வெள்ளை ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி பள்ளத்தில், எதிர்வண்டி மேட்டில், அதனால் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் இருந்த உயரத்துக்குச் சரியாக, பச்சை ஜீப்பின் பின்பக்கத்தில், அந்தச் சிவப்புக் கொக்கி இருந்தது.

கொக்கியை மச்சானே செய்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது, அந்தத் தொழிலில் ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரிந்தால் கேவலம், தையல் வெளியே தெரிஞ்சா அது சட்டையா சாக்கா என்பார். லாரியின் பட்டை ஸ்பிரிங் ஒன்றை நெருப்பில் காய்ச்சி வளைத்து, ஜீப்பின் பின்சட்டத்தில் வைத்துப் பற்றவைத்து, பற்றவைத்த இடத்தைக் கிரைண்டரால் தேய்தேயென்று தேய்த்து, மேலே சிவப்புப் பெயிண்டு, அதற்கு மேல் ஒரு பாலிஷ்... போன வாரம் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், "பாருங்க மாப்ளே, ஒட்டின இடம் தெரியுதா?" தெரியவில்லை. "தொட்டுப் பாருங்க, குழந்தை கன்னம் மாதிரி." தொட்டான், குழந்தை கன்னம் மாதிரித்தான் இருந்தது, அதுதான் அவன் விரலில் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. பற்றவைத்தால் இரும்பு உருகி மேலே பிதுங்கி நிற்குமே, அந்தத் தடிப்புதானே பிடிப்பு, அதைச் சீவி எறிந்துவிட்டால் மிச்சம் பிடித்துக்கொண்டிருப்பது எது, பெயிண்டா? ஸ்பிரிங் இரும்பைப் பற்றவைத்தால் சூடுபட்ட இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்று எங்கேயோ கேட்டது வேறு, எங்கே, யார் சொன்னது, நினைவில்லை, சொன்னார்களா அல்லது தூக்கம் வராத ஒரு பகலில் அவனாகவே நினைத்துக்கொண்டதா... அதுதான் கஷ்டம். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இப்படித்தான் இருக்கிறது, பாதி கேட்டது, பாதி பயந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒட்டின இடம் அவனுக்கே தெரிவதில்லை.

பல் டாக்டர் கயிற்றின் ஒரு முனையை வெள்ளை ஜீப்பின் முன்னால் இருந்த வளையத்தில் மாட்டினார், அது கம்பெனி போட்ட வளையம், அதைப் பற்றிக் கவலை இல்லை. மறுமுனையைச் சிவப்புக் கொக்கியில் போட்டுவிட்டு, பல் பிடுங்கி முடித்தவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டார். கயிறு நடுவில் தொய்ந்து பாம்பு மாதிரி சேற்றில் கிடந்தது. அது சாதாரணக் கயிறு இல்லை, ரப்பர் மாதிரி நீளும், பச்சை ஜீப் கொஞ்ச தூரம் ஓடி வந்து வெட்டி இழுக்கும், கயிறு நீண்டு அந்த வேகத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளை ஜீப்பைச் சுண்டி எடுக்கும், அதுதான் இதன் அழகு என்று டாக்டர் வரும்போதே விளக்கினார். வாங்கி வைத்துக்கொண்ட வேகம் ஜீப்பைச் சுண்டாவிட்டால்? கொக்கி கழன்றுகொண்டால் அது எதைச் சுண்டும்? கவண்கல்... கயிறுதான் கவண், கொக்கிதான் கல், அப்படியானால் காக்கை யார்? சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். "மச்சான், கயிறை அடிச்சட்டத்துல சுத்திக் கட்டலாமே" என்றான், குரல் ஒரு மாதிரி கெஞ்சலாக வந்தது, அதுவே அவனுக்குப் பிடிக்கவில்லை. மச்சான் பச்சை ஜீப்பின் கதவில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். "அடிச்சட்டத்துலயா? அப்ப இந்தக் கொக்கியை எதுக்குப் போட்டிருக்கேன், மாலை மாட்டவா?" டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை, ஆனால் அவனைப் பார்த்த பார்வையில், ஆரம்பிச்சாச்சா என்ற கேள்வி இருந்தது.

ஆரம்பிச்சாச்சா... அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் அவனுக்கு ஜாக்கிரதை என்று பெயர். மச்சான்தான் வைத்தார், மகள்கூட போனில் அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறாள். மாமியாருக்கு மூட்டு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்டது, இழுபடுகிற இரும்பு முனகுகிற சத்தம், அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும், தெரியும் என்று நினைத்தான், எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கத்தினான், முன்பின் தெரியாதவர்கள்கூட இறங்கிவிட்டார்கள். மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த மாமியார் மாடிப்படி ஏறித்தான் மூட்டு டாக்டரைப் பார்த்தார். லிஃப்டு அன்று பூராவும் ஜம்மென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இன்னமும் ஏறி இறங்குகிறது. அதற்கு முன் கட்டிலை மின்விசிறிக்குக் கீழிருந்து நகர்த்தியது, அதற்கும் முன் பால்கனிக் கம்பியில் யாரும் சாயக் கூடாது என்று குறுக்கே துணிக்கொடி கட்டியது... எதுவும் விழவில்லை, எதுவும் அறவில்லை. விழாத மின்விசிறிகளும் அறாத கம்பிகளும் வரிசையாக அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், சரி, ஆனால் இருட்டில் ஒரு நாள் நிஜமாகவே ஏதாவது நின்றால் அரண்டவன் என்ன செய்வது? அதே கத்தலைத்தானே கத்த முடியும்? வேறு கத்தல் அவனிடம் இல்லையே... இந்தப் பயம் அந்தப் பயம்தானா, இல்லை இது வேறா? அவன் வயிற்றைக் கேட்டான். வயிறு எப்போதும் போலப் பிசைந்தது, லிஃப்டில் பிசைந்த அதே அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டில் அவன் வேலை சங்கிலிகளை அறுப்பது. செய்து முடித்த சங்கிலியில் ஒரு துண்டை இயந்திரத்தில் மாட்டி, இரும்புவலைக் கூண்டை மூடி, வெளியே நின்று பொத்தானை அழுத்துவான், அது மெதுவாக இழுக்கும், இழுத்து இழுத்து எங்கே அறுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அறும்போது வெடிக்கும். கூண்டு முழுக்க உள்ளிருந்து குத்திய குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. ஒரு ராத்திரி அறுந்த சங்கிலியின் ஒரு கண்ணி பறந்து வந்து அவன் முகத்துக்கு நேரே வலையில் செருகிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கூண்டு அதற்காகத்தானே இருக்கிறது, பக்கத்து இயந்திரக்காரன் வந்து பார்த்துவிட்டு "உனக்கு முத்தம் கொடுக்க வந்திருக்குடா" என்றான், அவனும் சிரித்தான், டீ குடித்தான், மிச்சச் சங்கிலிகளையும் அறுத்து முடித்தான். மறுநாள் பொத்தானில் கையை வைத்தால் கை அழுத்த மாட்டேன் என்றது. அதற்கடுத்த நாளும். வேலையை விட்டுவிட்டான். காரணம் கேட்டவர்களிடம் தூக்கம் கெடுகிறது என்றான், அதுவும் பொய் இல்லை. அதிலிருந்து அவனுக்கு உலகத்தில் ஒன்றுதான் குறை, எங்கே பார்த்தாலும் எல்லாம் இழுபட்டுக்கொண்டிருக்கிறது, எதற்கும் கூண்டு இல்லை.

அவன் சேற்றில் இறங்கி வெள்ளை ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றான். "நீ இறங்கும்மா, வேற யாராவது உக்காரட்டும்." மகள் கண்ணாடியை இறக்கினாள். "யாருப்பா? நீங்களா? உங்களுக்கு சைக்கிளே ஒரு பக்கமா சாயுமே." உண்மைதான், அவனுக்கு வண்டி ஓட்ட வராது. டாக்டர் உட்காரட்டுமே என்றான். "டாக்டர் அங்கிளுக்கு இடுப்பு வலி. அதுவும் இல்லாம நான்தானே விட்டேன், நான்தான் எடுப்பேன், மாமா சொல்லிட்டாரு." அவள் கன்னத்தில் ஒரு சொட்டுச் சேறு காய்ந்திருந்தது, கண் பளபளத்தது, இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதையே அவன் மறந்துபோயிருந்தான். ராத்திரி வேலை பார்க்கிற அப்பன் பகலில் தூங்குகிற வீட்டில் வளர்ந்த பெண், நுனிக்காலில் நடந்து, கதவை ஓசையில்லாமல் சாத்தி, கிசுகிசுத்தே பள்ளிக்கூடத்தை முடித்தவள். அவன் வேலையை விட்ட பிறகும் அந்தக் கிசுகிசுப்பு போகவில்லை, இப்போது அப்பன் தூங்காமல் கிடக்கிறானே என்று. இன்று காலையிலிருந்து கத்துகிறாள், ஹாரன் அடிக்கிறாள், மாமனை வாடா போடா என்று சொல்லாத குறை. மனைவி கரையிலிருந்து, "ஏங்க, அவ மூஞ்சியைக் கொஞ்சம் பாருங்க, விடுங்களேன்" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அந்த மூஞ்சியைத் தவிர வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிடலாம். லிஃப்டில் எல்லோரையும் இறக்கிவிட்ட மாதிரி. இறங்குவாள், எதிர்த்துப் பேசாமல் இறங்கிவிடுவாள், அந்தப் பளபளப்பு அணைந்து மறுபடியும் நுனிக்காலில் நடக்கத் தொடங்குவாள், மச்சான் தனியாக இழுப்பார், கொக்கி ஜம்மென்று இருக்கும்... அப்புறம் வீட்டில் யாரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? கை கதவுப்பிடி வரைக்கும் போனது, அங்கேயே நின்றது. பொத்தானில் நின்ற அதே கை.

"குனிஞ்சாவது உக்காரும்மா." "குனிஞ்சா ரோடு எப்படிப்பா தெரியும்?" "இங்க எங்க ரோடு இருக்கு?" என்றான், அவள் கலகலவென்று சிரித்தாள், அவன் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கயிறு... கயிற்றின் மேல் கனமாக எதையாவது போட்டால், அறுந்தாலும் பறக்காமல் கீழே அமுக்கும், அது நிச்சயம் தெரியும், அதைத் தொழிற்சாலையில் செய்திருக்கிறான், கோணியை நனைத்துப் போடுவார்கள். கோணி இல்லை. ஜெர்கினைக் கழற்றிச் சேற்றுத் தண்ணீரில் முக்கிக் கயிற்றின் நடுவில் போட்டான். போட்டுவிட்டுப் பார்த்தால், துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. "என்ன மாப்ளே, கயிறுக்குக் குளிருதா?" என்றார் மச்சான், டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மகளும் சிரித்தாள், மனைவி மட்டும், "அது நல்ல ஜெர்கினுங்க" என்றாள். மச்சான் கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும், தலையெண்ணும்போதே சொல்லியிருக்க வேண்டும். தங்கை பெண் என்றால் உயிர், அவளுக்காகத்தான் பழைய ஜீப்பை விற்காமல் வைத்திருக்கிறார், அவளுக்கு ஒரு கீறல் படும் என்று தெரிந்தால் தன் கையை நடுவில் வைப்பார். தெரியாதே. அதுதானே. ஆசையாகத் தேய்த்திருக்கிறார். அக்கறை இல்லாமல் செய்திருந்தால் அந்தத் தடிப்பு அப்படியே இருந்திருக்கும், அசிங்கமாக, கெட்டியாக.

டாக்டர் வந்து அவன் கையைப் பிடித்தார், குழந்தையைக் கூட்டிப்போவது போலக் கரைக்குக் கூட்டிப்போனார். "வாங்க சார், கயிறு பக்கத்துல நிக்கக் கூடாது, டேஞ்சர்." பார், இவருக்குத் தெரிந்திருக்கிறது, கயிற்றின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது, கயிற்றுக்கு நேர் எதிரே உட்காரலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை... பச்சை ஜீப் உறுமியது. மச்சான் கையை வெளியே நீட்டி ஆட்டினார். மகள் கட்டைவிரலைக் காட்டினாள். பானெட்டு! பானெட்டைத் தூக்கி நிறுத்திவைத்திருந்தால் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தகரமாவது நின்றிருக்கும், ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை, ஏன் எல்லாம் எனக்கு, "பானெட்டு..." என்று அவன் வாயைத் திறந்தபோது ஜீப் ஓடத் தொடங்கியிருந்தது, தொய்வு எழுந்தது, கயிறு சேற்றிலிருந்து பிரிந்து நேரானது, ஜெர்கின் தட்டாமாலை சுற்றிக்கொண்டு எங்கேயோ போய் விழுந்தது, கயிறு நீண்டது, இன்னும் நீண்டது, வெள்ளை ஜீப் ஒரு முறை குலுங்கி முன்னே வந்து மறுபடியும் பின்னால் உட்கார்ந்தது. டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம், விரலைச் சொடுக்கின மாதிரி. அவன் சுற்றிலும் பார்த்தான். டாக்டர், "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கையைச் சுழற்றினார். "சத்தம் கேட்டுதா?" என்றான் மனைவியிடம். "என்ன சத்தம்?" "டிக்குன்னு." அவள் அவனைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க." கேட்டதா? கேட்டது. லிஃப்டிலும் கேட்டது. அவன் ஓடியிருக்க வேண்டும், இறங்கி ஓடி இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றிருக்க வேண்டும், நிற்காமல், கண்ணை மூடினான். அப்பன் செய்த காரியம் அது. கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டான்.

கைதட்டல்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வெள்ளை ஜீப் மேட்டில் நின்றது, நான்கு சக்கரத்திலும் களிமண் வடிந்தது, மகள் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள், நாய் எழுந்து குரைத்தது. மச்சான் இறங்கி வந்து கொக்கியைத் தட்டிக்கொடுத்தார், நல்ல மாட்டைத் தட்டுகிற மாதிரி. "எங்க மாப்ளே, ஜாக்கிரதை, எங்க கழண்டுச்சு?" எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவனுக்குள் என்னவோ தொங்கிப்போனது. மகள் குதித்து ஓடி வந்து, "பாத்தீங்களாப்பா?" என்றாள். பார்த்தேன் என்றான். அவள் தோளைத் தொட்டான், முழுசாக இருந்தது. பிறகு அவன் கண் தானாகக் கொக்கிக்குப் போனது. சேறு அப்பியிருந்தது, சட்டமும் கொக்கியும் சேருகிற இடத்தில் மட்டும் கயிறு உரசித் துடைத்திருந்தது, அங்கே சிவப்பில் ஒரு கோடு. முடி அளவு. "மச்சான், இங்க ஒரு கோடு." மச்சான் குனிந்து பார்த்தார், நிஜமாகவே பார்த்தார், கட்டைவிரலால் தடவினார். "பெயிண்டு வெடிச்சிருக்கு. பாலிஷ் அடிச்சா இப்படித்தான், காய விடணும்." இருக்கலாம். பெயிண்டாகவும் இருக்கலாம். இரும்பு என்று சத்தியம் செய்ய அவனால் முடியுமா? "அடுத்த வாரம் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கு, கூட்டிட்டுப் போறேன்" என்று மச்சான் மகளிடம் சொன்னார், மகள் சரி என்றாள், மனைவியும் சரி என்றாள்.

திரும்பிப் பட்டறைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் அந்தக் கோடுதான். சேற்றைக் கழுவிவிட்டு, ஒரு விளக்கை நெருக்கமாகப் பிடித்து, பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் போதும், இரும்பில் இருக்கிறதா இல்லையா தெரிந்துவிடும், ஒரு நிமிஷ வேலை. பெண்கள் இரண்டு பேரும் பட்டறை வாசலில் விட்டிருந்த டாக்டரின் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், மகள் இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள். ஜீப்புல கெடக்கிற ஜெர்கினை எடுத்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். மச்சான் முந்திக்கொண்டிருந்தார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, துணியால் துடைத்து, காற்றடித்துக் காயவைத்து, ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார், உள்ளே குண்டு கலகலத்தது. "மச்சான், ஒரு நிமிஷம், அதைச் சுரண்டிப்..." ஸ்ஸ் என்று சிவப்பு படர்ந்தது. ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு, தேர்ந்த கை, ஒரு சொட்டு வழியவில்லை. "இப்பப் பாருங்க, கோடு எங்க?" என்றார், கேலியாக இல்லை, அவன் கவலையைத் தீர்த்துவைத்துவிட்ட சந்தோஷத்தோடு. அவன் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தான். ஈரச் சிவப்பில் அவன் முகம்தான் கோணலாகத் தெரிந்தது. விரலை வைக்கப் போனான், "ஐயோ, கை வைக்காதீங்க, ரேகை விழுந்துரும்." விரலை இழுத்துக்கொண்டான். ஆனால் எழுந்திருக்கவில்லை. கண் அந்த இடத்தையே துழாவிக்கொண்டிருந்தது, எதைத் தேடுகிறோம் என்று அவன் தன்னையே கேட்டான், விரிசல் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தானே, இல்லை என்று தெரிந்தால் இன்றைக்காவது தூங்கலாமே... இல்லை. அது இல்லை. விரிசல் இருக்க வேண்டும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தான். மேட்டில் ஹாரன் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, மகள் முழுசாக வெளியே வந்து நின்றபோது, உள்ளே தொங்கிப்போனது நிம்மதி இல்லை, நிம்மதி அப்புறம்தான் வந்தது, அதற்கு முன்னால் ஒன்று வந்தது, அதற்குப் பெயர் ஏமாற்றம்... மகள் முகத்துக்கு நேரே இருந்த கொக்கி கழலவில்லையே என்று. "என்ன மாப்ளே, அங்கேயே படுத்துக்கப் போறீங்களா?" மச்சான் சேறு அப்பிய ஜெர்கினை அவன் தோளில் போட்டு, முதுகில் கை வைத்து அவனை வெளியே நடத்தினார், விளக்கை அணைத்தார், தகரக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை அழுத்தி, பூட்டிக்கொண்டதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.